ஒழுங்கையின் வாய்

முந்நூறுக்குக் கிட்ட மாடுகளை ஒவ்வொன்றாக ஒரு ஒடுங்கிய வழியால் நடக்கவைத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஊசி போடவேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான். அப்போது நான் கால்நடை அலுவலகமொன்றில் கள உதவியாளராக இருந்தேன். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போனால், வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அந்த மாட்டுப் பட்டி இருந்தது. கால் வாய் நோய் பரவுகிறது என்று கதை வந்திருந்தது. மழைக்கு முன்னர் எல்லாப் பட்டிகளுக்கும் தடுப்பூசி போட்டு முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

நாட்டு மாடுகள். கயிறு கண்டறியாதவை. பகலெல்லாம் காட்டோரம் மேய்ந்துவிட்டுப் பின்னேரம் தாமாகவே பட்டிக்குத் திரும்பும். மனிதக் கை மேலே பட்டால் துள்ளிப் பாயும். பட்டியின் சொந்தக்காரர் விசுவமடுவில் படுக்கையில் கிடந்தார். அவருடைய மருமகன்தான் எல்லாவற்றையும் பார்த்தார். மாடுகளோடு கிடந்து உழைத்தவர் வேறொருவர். நாற்பது வயதிருக்கும், பட்டிக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். மலையகத்தில் அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. அவர் இங்கேயே பிறந்தவர். மனைவி தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து கலியாணம் முடித்து வந்தவள். என் வயதுதான் அவளுக்கும்.

முதிரைக் கட்டைகளை இரண்டு பக்கமும் நட்டு, முள்ளுக்கம்பி இழுத்து, ஒரு மாடு மட்டும் போகக்கூடிய அகலத்தில் நீளமான வழி ஒன்று செய்திருந்தோம். வீட்டு வேலிகளுக்கு நடுவே போகும் பாதையை ஒழுங்கை என்பது எங்கள் வழக்கம். இதையும் அப்படியே சொல்லத் தொடங்கினோம். ஒழுங்கையின் வாய் அகலமாக விரிந்து பட்டிக்குள் திறந்தது. வாய்க்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியே, ஒரு பலகையில் ஏறி ஊசியோடு நான் நின்றேன். எங்கள் அலுவலகத்து மிருக டொக்டர் ஒழுங்கையின் மற்ற அந்தத்தில் நின்றார், ஊசி போட்ட மாடுகளுக்குக் காதில் அடையாளம் குத்துவதற்காக.

காலையில் ஆறு மணிக்குத் தொடங்கினோம். பத்து மணியாகியும் இருபது மாடுகூடத் தாண்டவில்லை. வாய்வரை வரும், மணந்து பார்க்கும், திரும்பிவிடும். நாங்கள் கத்தினோம். தடியால் அடித்தோம். மருமகன் கொண்டுவந்த இரண்டு கூலியாட்கள் வாலை முறுக்கினார்கள். அடிக்க அடிக்க அவை வட்டமாகச் சுற்றினவே தவிர உள்ளே போகவில்லை. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. மருந்தைக் குளிரில் வைத்திருக்கவேண்டும், சூடேறினால் அது வெறும் தண்ணீர்தான். ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் உருகியிருந்தது.

மருமகன் என்னிடம் வந்தார். "மிஸ், யானை வெடி கொஞ்சம் கிடக்கு. பின்னுக்கு ஒண்டு போட்டா எல்லாம் பறந்து உள்ள வரும்."

காட்டு யானையைக் கலைப்பதற்குக் கொடுக்கும் வெடி அது. வெடித்தால் நெஞ்சு அதிரும்.

ஒழுங்கையின் வாய்க்குள் நின்ற பட்டிக்காரர் அதைக் கேட்டுவிட்டார். ஒரு கிழட்டுச் செவலைப் பசுவின் கொம்படியில் கைவைத்து, அதை மெல்ல மெல்ல உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார் அவர்.

"வேண்டாம் மிஸ். கொஞ்சம் பொறுங்கோ. இது போனா மற்றதுகளும் போகும். இப்பதான் மணந்து பாக்குது."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"அதை நான் எப்பிடிச் சொல்லுறது மிஸ்? அதுக்குத்தான் தெரியும்."

டொக்டர் தூரத்தில் நின்றார்; அவருக்கு எங்கள் கதை கேட்கவில்லை. நான் மருமகனைப் பார்த்துச் சொன்னேன்: "ஒண்டே ஒண்டு போடுங்கோ."

அவர் ஒன்றோடு நிற்கவில்லை, மூன்று போட்டார். அதைப் பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் முதலாவது வெடியோடேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பின்னால் நின்ற மாடுகள் ஒரே பாய்ச்சலாக முன்னே வந்தன. முன்னால் நின்றவற்றுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. அவை அப்போதும் வாயை மணந்துகொண்டுதான் நின்றன. இரண்டு பசுக்கள் ஒரே நேரத்தில் வாய்க்குள் நுழைந்து, தோளோடு தோள் இறுகி, அசைய முடியாமல் நின்றன. அவற்றின் முதுகில் அடுத்தவை ஏறின. அதற்கு மேல் மற்றவை. ஒழுங்கையின் உள்ளே ஒரு மாடும் இல்லை, வெறுமையாகக் கிடந்தது. அதன் வாயில் மாடுகள் சுவர்போல ஏறிக் கிடந்தன. விலா எலும்புகள் முறியும் சத்தம் காய்ந்த விறகு முறிவதைப் போலத்தான் இருந்தது. கன்றுகள் கீழே போய்விட்டன. ஒரு நாகு, இன்னும் கன்று ஈனாத இளம் பசு, நாக்கைக் கடித்துத் துண்டாக்கி, வாயால் இரத்த நுரை தள்ளியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கிப் போக அதற்கு இடமில்லை.

பட்டிக்காரர் மூலைக் கட்டையோடு நெரிபட்டுக் கிடந்தார். அவருடைய தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. அவர் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே.

கட்டை நடும்போது பாவித்த குறடு பலகைக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். இழுபட்டு நின்ற கம்பி அறுந்து சுழன்று வந்து என் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழித்தது. மூன்றாவது கம்பி அறுந்ததும் கட்டைகள் சாய்ந்தன. மாடுகள் அந்த வழியால் சரிந்து வெளியே கொட்டின. நான் பலகையோடு விழுந்தேன். ஒரு நாம்பன், இளங்காளை, என் தலைக்கு மேலால் பாய்ந்தது. பின்னங்கால் என் தோளில் மிதித்தது. எழும்பிப் பார்த்தபோது புழுதிக்குள்ளே டொக்டர் ஓடிவருவது தெரிந்தது. பட்டிக்காரரைப் புரட்டியவர், இடுப்புக்குக் கீழே கால் திரும்பியிருந்த விதத்தைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

"ஆரும் தூக்காதேங்கோ. பலகையைக் கொண்டு வாங்கோ."

நான் நின்ற அதே பலகையில் அவரைக் கட்டி, உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏற்றி அனுப்பினோம். அவர் மனைவி அப்போதுதான் குளத்தடியிலிருந்து ஓடிவந்தாள். மெசின் புறப்பட்டபோது அவள் ஏறவில்லை. "நீங்க கொண்டுபோங்க, நான் இத முடிச்சிட்டு வாறேன்" என்றாள். எதை முடிப்பது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒழுங்கையின் வாயில் ஒன்பது உடல்கள் கிடந்தன. இன்னும் சாகாமல் கிடந்தவை வேறு மூன்று. நோவில்லாமல் சாகவிடும் மருந்து டொக்டரிடம் இரண்டுக்குத்தான் போதுமாக இருந்தது. மூன்றாவது அந்தச் செவலைப் பசு. முதுகெலும்பு உடைந்து, முன்னங்கால்களால் மண்ணை இழுத்து இழுத்து நகரப் பார்த்தது. மருந்தெடுக்க நெடுங்கேணிக்கு ஆள் அனுப்புகிறேன் என்றார் டொக்டர். போய்வர இரண்டு மணித்தியாலம் ஆகும்.

"அதுவரைக்கும் இது இப்பிடியே இழுத்துக்கிட்டுக் கெடக்கணுமா?" என்று அவள் கேட்டாள்.

மருமகன், பசுவைக் கத்தியால் கொல்வது பாவம், தன் காணிக்குள் அதற்கு விடமாட்டேன் என்றார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. குடிலுக்குள் போய்க் கத்தியோடு வந்து டொக்டரின் கையில் கொடுத்தாள். பசுவின் தலையைத் தன் மடியில் எடுத்து, இரண்டு கொம்புகளையும் பிடித்துக்கொண்டாள். டொக்டர் நல்ல மனிதர், தயங்கித் தயங்கி வெட்டினார். முதல் வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது விழுந்தது. அவளுடைய சட்டையும் முகமும் இரத்தமாகின. அவள் எழும்பிக் குளத்துக்குப் போய்க் கழுவிவிட்டு, ஈர உடுப்போடேயே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறப் போனாள்.

இரண்டாம் நாள் மருமகன் அலுவலகத்துக்கு வந்தார். விசாரணை வரும் என்று அவருக்குத் தெரியும்.

"அவன் குடிச்சிருந்தவன் எண்டு எழுதுங்கோ மிஸ். வாய்க்குள்ள போய் நிண்டது அவன்ர பிழை. எல்லாருக்கும் சுகம். உங்களுக்கும்தான்."

மறுத்தேன் என்று இங்கே எழுத ஆசைதான், ஆனால் அன்றைக்கு நான் மறுக்கவில்லை. அறிக்கைத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு பின்னேரம்வரை இருந்தேன். பிறகு அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, காயப்பட்ட மாடுகளைப் பார்க்கவென்று பட்டிக்குப் போனேன்.

அவள் தனியாகப் பட்டியை மறைத்து முள்ளுக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கியதும் மாட்டுத்தடியோடு வந்தாள். முதல் அடி என் முதுகில் விழுந்தது. இரண்டாவது, நாம்பன் மிதித்த அதே தோளில். கண் இருண்டது. நான் விலகவில்லை. விலகக்கூடாது என்று யோசித்து நின்றதும் அல்ல, கால் எழும்பவில்லை.

"போடச் சொன்னது ஒங்க வாய் தானே? அவரு வேணாம்னு சொன்னாரு தானே?"

"ஓம்."

அந்த ஒரு சொல்லை அவள் எதிர்பார்க்கவில்லை போலும். தடியைப் போட்டுவிட்டு நிலத்தில் இருந்தாள். நானும் இருந்தேன். மாடுகள் எங்களைச் சுற்றி மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. அவள்தான் முதலில் பேசினாள்.

"பின்னாலருந்து அடிச்சா முன்னால நிக்கிறதுக்கு என்ன தெரியும் மிஸ்? அதுக்குப் போக வழி தெரியணும். வழி தெரிஞ்சா அதுவே போகும்."

எனக்கு இது தெரியாத விடயமே இல்லை. கடைசிச் சண்டை முடிகிற நேரம் எனக்குப் பதினான்கு வயது. முள்ளுக்கம்பிகளுக்கு நடுவே ஒரு வழியால் ஆமிக்காரர் சனத்தை வெளியே எடுத்தார்கள். பின்னால் ஷெல் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். முன்னால் நின்றவர்களுக்கு அங்கால் போக இடமில்லை. என் இரண்டு காலும் நிலத்தில் படாமல் கொஞ்சத் தூரம் நான் போனேன், சனத்தின் நெரிசலே என்னைத் தூக்கிக்கொண்டு போனது. எனக்குக் கீழே மெத்தென்று ஏதோ இருந்தது. அது என்னவென்று குனிந்து பார்க்க முடியவில்லை, பார்க்கவும் இல்லை. அந்த நெரிசலுக்குள் இருந்து வந்த நான், பலகையில் ஏறி நின்றதும் எல்லாவற்றையும் மறந்துபோனேன்.

அடுத்த நாள் அறிக்கை எழுதினேன். வெடி போடச் சொன்னது நான், பட்டிக்காரர் தடுத்தார், அவர் குடித்திருக்கவில்லை. மூன்று வரிதான். டொக்டர் வாசித்துவிட்டு, "யோசிச்சுத்தானே எழுதினனீர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் அதற்குக் கீழே, மேற்பார்வை செய்திருக்கவேண்டியவன் நான் என்று தன் கையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார்.

இரண்டு கிழமை போனது. அதே குளத்தில் தண்ணி குடிக்கும் அடுத்த பட்டியில் நோய் வந்துவிட்டது. கன்றுகள் வாயில் புண்ணோடு எச்சில் வடித்துக்கொண்டு செத்தன. அன்று காலை அவள் அலுவலக வாசலில் நின்றாள்.

"வாங்க. ஊசி போட்டுருவோம். ஆனா நான் சொல்ற மாதிரிதான் செய்யணும்."

அவள் சொன்னபடி ஒழுங்கையைத் திரும்பக் கட்டினோம். முள்ளுக்கம்பியைக் கழற்றிவிட்டு, வெளியில் நிற்கும் ஆட்கள் மாடுகளின் கண்ணில் படாதபடி இரண்டு பக்கமும் தறப்பாள் சீலை அடித்தோம். நேராக இருந்த வழியை ஒரு பாலைமரத்தைச் சுற்றி வளைத்தோம். பட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு மாடுகளுக்கு மேல் வாயடிக்கு விடுவதில்லை என்று முடிவெடுத்தோம். பட்டியின் காட்டுப்பக்க வேலியில் ஓரிடத்தில் கட்டையை எடுத்துவிட்டு வெறும் கயிற்றை மட்டும் கட்டச் சொன்னாள். பிறகு, வாய்க்கு முன்னால் நாலைந்து முழம் தள்ளி, சரி நடுவில் இல்லாமல் கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரு தடித்த கட்டையை நடச் சொன்னாள்.

டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. "ஏற்கனவே அடைச்சு நிண்டதுகள். இப்ப முன்னால கட்டையும் நட்டா?"

"கொளத்தில எறங்குற எடத்தில ஒரு மரம் நிக்குது சேர். அந்த எடத்தில மட்டும் ஒண்ண ஒண்ணு இடிக்கிறதில்ல. மரத்தக் கண்டா வெலகி வெலகித்தான் வருதுக. நான் தெனம் பாக்கிறேன்."

முதல் பன்னிரண்டு மாடுகளை விட்டோம். அவள் பின்னால் போகவில்லை. ஒரு பக்கமாக நின்று, இரண்டடி முன்னே வைத்தாள், நின்றாள், பிறகு பின்வாங்கினாள். அவ்வளவுதான். மாடுகள் கட்டையைக் கண்டு இரண்டாகப் பிரிந்து, வாயடியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து நடந்தன. வளைவில் முன்னே போகும் மாட்டின் பின்பக்கம் மட்டும்தான் அடுத்ததற்குத் தெரியும். அதைப் பார்த்துப் பின்தொடர்ந்தன. ஊசி குத்தும்போது உதறின, ஆனால் நிற்கவில்லை. பதினொரு மணிக்குள் நூற்றுக்கு மேல் முடித்துவிட்டோம். ஒருவரும் கத்தவில்லை. தறப்பாளில் மாட்டு உடம்புகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் மருமகன் வந்தார். நன்றாகக் குடித்திருந்தார். அறிக்கையில் நான் எழுதியது அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ர மாட்டுக்கு என்ர காணிக்குள்ள இவள் ஆர் சட்டம் போட? இப்பிடி நிண்டா நாளைக்கும் முடியாது!"

காற்சட்டைப் பையிலிருந்து வெடியை எடுத்து லைட்டரால் பற்றவைத்தார். பட்டிக்குள் இன்னும் இருநூறுக்குக் கிட்ட நின்றன. ஒழுங்கைக்குள் எட்டோ ஒன்பதோ. அவள் வாயடியில் நின்றாள், அவளுடைய கணவன் நின்ற அதே இடத்தில்.

நான் ஊசியைக் கீழே எறிந்துவிட்டுப் பாய்ந்தேன். பக்கத்தில் சாத்தியிருந்த தடியை எடுத்து அவர் மணிக்கட்டில் என் முழுப் பலத்தோடும் அடித்தேன். எலும்பில் பட்டது கைக்குத் தெரிந்தது. அவர் மற்றக் கையால் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து நிலத்தில் விழுத்தி, வயிற்றில் உதைத்தார். வெடி எங்கள் இருவருக்கும் நடுவில் புல்லுக்குள் கிடந்து புகைந்தது. நான் அதைக் கையால் தட்டிவிடப் பார்த்தேன். எட்டவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. வெளிச்சம் ஒன்று, பிறகு இடக் காதுக்குள் சூடாக ஏதோ ஊற்றியது போல. மருமகன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து அலறுவது தெரிந்தது, அலறல் கேட்கவில்லை. அவருடைய காற்சட்டை முழங்காலுக்குக் கீழே கிழிந்து, சதை வெளியே தெரிந்தது.

பட்டியில் நின்ற மாடுகள் பாய்ந்தன. ஆனால் இந்தத் தடவை அவை ஒழுங்கையின் வாய்க்கு வரவில்லை. காட்டுப்பக்கம் வெறும் கயிறு கட்டியிருந்த இடத்தை உடைத்துக்கொண்டு வெளியே ஓடின. ஒழுங்கைக்குள் நின்றவை தறப்பாளுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றன. அவள் ஏதோ சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள், அவளுடைய உதடு அசைந்தது. ஒரு கன்றின் கால்கூட முறியவில்லை.

மாடுகளைத் திரும்பச் சேர்க்க இரண்டு நாள் எடுத்தது. காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நானும் போய் மிச்சத்துக்கு ஊசி போட்டேன். அந்தப் பட்டியில் பிறகு நாலு கன்றுகள் நோயில் செத்தன. ஊசி பிந்திப்போனதால் செத்தவை அவை. அந்தப் பிந்தலுக்குக் காரணமும் நான்தான். மற்றவை தப்பின. மருமகனும் நானும் ஒருவர்மேல் ஒருவர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். கடைசியில் இருவரையும் கூப்பிட்டு இணக்கம் எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு பட்டிப்பக்கம் வரவில்லை. படுக்கையில் கிடந்த மாமனார் பட்டிப் பொறுப்பை அவளிடமே விட்டார். விசாரணை முடிந்து என்னைப் பளைப் பக்கம் மாற்றினார்கள். இடக் காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பி வரவில்லை.

பட்டிக்காரர் ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். குடிலுக்கு வெளியே கதிரையில் இருந்தார். கால் ஒன்று மற்றதைவிடக் கட்டையாகிவிட்டது. ஊன்றுகோலோடு முற்றத்தைச் சுற்றி நடக்கிறார், அதற்கு மேல் முடியாது. நான் வரும்போது யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

"என்னை மன்னியுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை. அதைத் தேடிப் பார்த்து நான்தான் ஏமாந்தேன்.

"மன்னிக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது மிஸ். இருந்தா இடுப்பு நோகுது, நிண்டா கால் நோகுது. நோகேக்க உங்கட முகம்தான் வருது. பொய் சொல்லேலாது."

"ஓம்."

"குடிச்சிருந்தனான் எண்டு எழுதேல்ல. அது தெரியும்."

உள்ளேயிருந்து அவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் பேசுவது எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக, கதிரையைச் சுற்றி என் வலப்பக்கத்துக்கு வந்து நின்றாள். சினைப்பட்ட பசு ஒன்று தீன் எடுக்கவில்லை, என்னவென்று பார்க்கமுடியுமா என்று கேட்டாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி அவளோடு போனேன்.